இல்லை சொல்லும் வேலை

லிமானி ஜோர்கன் பார்த்த வேலைக்கு அரசாங்கம் வைத்த பெயர் மொழிபெயர்ப்பாளர். ஸ்பிரிங்டேல் ஊரில் எங்கள் மார்ஷல் தீவுச் சனம் அவளுக்கு வைத்த பெயர் ‘இல்லைக்காரி’. நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவள் வந்து உட்கார்ந்ததும் பின்வரிசையில் யாராவது அந்தப் பெயரை முணுமுணுப்பார்கள்; பக்கத்தில் இருப்பவள் விசிறியால் வாயை மூடிக்கொள்வாள். லிமானிக்கு அது தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்த்ததில்லை. அவர்கள் சொல்வதில் பொய் இல்லையே என்று பேசாமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாள்.

அவளை அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக்கு வரவழைத்தது அண்ணன் அட்பி. ஒன்பது வயது மூத்தவர். அர்னோ தீவில் அப்பா மீன்பிடிக்கப் போன படகு திரும்பி வராததிலிருந்து அவளுக்கு அவர்தான் அப்பா. தொண்ணூற்றேழில் கோழி ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனைவி கியோனாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று வருஷம் கழித்துத் தங்கைக்கு விமானச் சீட்டு அனுப்பினார். லிமானி வந்து இறங்கிய மறுநாளே அவளுக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்து, எலும்பு நீக்கும் வரிசையில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கத்தியை எப்படிப் பிடித்தால் மணிக்கட்டு வீங்காது என்பதை முதல் நாள் முழுக்க அவளுக்குக் காட்டியதில் தன் பங்குக் கோழிகளைத் தவறவிட்டு மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினார்.

லிமானிக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். எங்கள் தலைநகர் மஜூரோவில் பள்ளிக்கூடம் முடித்தவள். ஆலையில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் சாப்பாட்டு இடைவேளையில் அவளிடம்தான் நீட்டுவார்கள். இரண்டாயிரத்து ஆறில் மாவட்ட உதவி அலுவலகத்துக்கு எங்கள் பாஷை தெரிந்த ஒருத்தர் தேவைப்பட்டபோது நாலு பேர் அவள் பெயரைச் சொன்னார்கள். வேலை கிடைத்த அன்று அட்பி ஆலையில் ஒருத்தர் விடாமல் சொன்னார்: “என் தங்கச்சி மேசை வேலைக்குப் போறா. இனிமே நம்ம ஆளுங்க அந்த ஆபீஸ்ல ஊமை மாதிரி நிக்க வேண்டாம்.” அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள். எங்கள் கஷ்டத்தை உள்ளே எடுத்துப் போய், அங்கிருந்து உதவியை வெளியே எடுத்து வருவோம் என்று.

முதல் வாரத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது.

அமெரிக்கா வர எங்களுக்கு விசா வேண்டாம். வரலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம், ராணுவத்தில் சேரலாம். இரண்டு அரசாங்கமும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் அது. ஆனால் எத்தனை வருஷம் இருந்தாலும் குடியுரிமைக்கு நேர்வழி கிடையாது. தொண்ணூற்றாறில் உதவிச் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது, எந்தெந்த வெளிநாட்டாருக்கு மருத்துவ உதவி உண்டு என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் எங்களைச் சேர்க்கவில்லை. கணினியில் பிறந்த ஊர் மார்ஷல் தீவுகள் என்று தட்டினால் அடுத்த பக்கம் போகாது. அவ்வளவுதான்.

அதைச் சொல்வதுதான் லிமானியின் வேலை. டார்லா என்ற வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பாள். லிமானி பக்கத்து நாற்காலியில் இருந்து எங்கள் பாஷையில் கேட்பாள். பதிலை இங்கிலீஷில் சொல்வாள். கடைசியில் டார்லா ‘தகுதி இல்லை’ என்பாள். அதைச் சொல்ல எங்கள் பாஷையில் சொல் இல்லை. லிமானி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். ‘சட்டம் நம்மைக் கணக்கில் சேர்க்கவில்லை’ என்றாள். ‘இது நமக்குச் சேராது’ என்றாள். எப்படிச் சொன்னாலும் எதிரே இருப்பவர் காதில் விழுந்தது ஒன்றுதான்: அட்பியின் தங்கை இல்லை என்று சொல்லிவிட்டாள். எங்கள் வழக்கத்தில் உறவுக்காரரிடம் வாய்விட்டுக் கேட்பதே பெரிய காரியம். அப்படிக் கேட்டவரிடம் இல்லை என்பது அதைவிடப் பெரிது. கைப்பிடிச் சோறு இருந்தாலும் பாதியைக் கொடுத்து அனுப்புவோமே தவிர அந்த வார்த்தை வாயில் வராது. அவளோ அதை ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை சொன்னாள்.

ஒருமுறை, அமெரிக்கா அணுகுண்டு சோதித்த காலத்தில் சாம்பல் விழுந்த ரோங்கெலாப் தீவிலிருந்து வந்த ஒரு பெரியவர். கழுத்தில் கட்டி. லிமானி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு எழுந்திருக்காமல் சிரித்தார். “வெடிகுண்டு போட்டுப் பாக்கறப்ப நம்ம ஊரு பேரு அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. பட்டியல் எழுதறப்ப மறந்துபோச்சாக்கும். இதை அப்படியே அந்தம்மாகிட்ட சொல்லு தாயி,” என்றார். லிமானி ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். டார்லா நல்லவள்தான், முகம் சிவந்துபோய், என் கையில் எதுவும் இல்லை, மன்னித்துக்கொள்ளச் சொல் என்றாள். பெரியவர் மேசையில் இருந்த மிட்டாய்க் கிண்ணத்தில் கைவிட்டு ரெண்டை எடுத்துக்கொண்டு, “சரி, இதாவது நமக்குச் சேருதே,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வருஷங்கள் போகப் போக அந்த ‘இல்லை’க்கே ஒரு தேவை வந்தது. ஏழைகளுக்குச் சலுகையில் வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரித் திட்டங்கள் சில இருந்தன. அவர்கள் முதலில் கேட்பது, அரசாங்கம் உங்களுக்கு உதவி மறுத்ததா, அதற்குக் கடிதம் எங்கே என்பதுதான். அதனால் எங்கள் ஆட்கள் மறுப்பை வாங்குவதற்கென்றே வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். கிடைக்காது என்று தெரிந்தே நம்பர் சீட்டு எடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி, முத்திரை குத்திய ‘இல்லை’யை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

அட்பிக்கு நாற்பத்தைந்து வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. எங்களில் வராதவர்கள் குறைவு. ஆலையில் வேலை இருந்தவரைக்கும் ஆலைக் காப்பீடு இருந்தது. மாத்திரை, ஊசி எல்லாம் ஓடியது. நாள் முழுக்க ஈரத்தரையில் பூட்ஸுக்குள் ஊறிய காலில் இரண்டாயிரத்துப் பதினேழில் புண் வந்தது. ஆறவில்லை. விடுப்பு முடிந்து, வேலை போனது. வேலையோடு காப்பீடும் போனது. உடல் ஊனத்துக்கான உதவிக்கு எழுதிப் போட்டார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாமே என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரித் திட்டத்துக்குக் கடிதம் வேண்டும் என்றதும் லிமானி, நீங்கள் அலைய வேண்டாம், நானே டார்லாவிடம் சொல்லி வாங்கி வருகிறேன் என்றாள். அவர் கேட்கவில்லை. மற்றவர்கள் எப்படி வருகிறார்களோ அப்படித்தான் வருவேன் என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் கட்டுமாக வந்து நம்பர் சீட்டு எடுத்து உட்கார்ந்தார். வரிசையில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். சொந்தக்காரருக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த அலுவலகத்தில் எங்கள் பாஷை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். டார்லா அவளைப் பார்த்துவிட்டுத் தாளை எடுத்தாள்.

இருபது வருஷம் ஆலையில் இருந்தவருக்கு அந்தக் கேள்விகள் இங்கிலீஷிலேயே புரியும். ஆனாலும் லிமானி எங்கள் பாஷையில் கேட்கும்வரை வாயைத் திறக்கவில்லை. பெயர் கேட்டாள், சொன்னார். பிறந்த இடம் கேட்டாள், அர்னோ என்றார். அமெரிக்கக் குடிமகனா என்று கேட்டாள்.

“இல்லைனு சொல்லும்மா,” என்றார்.

டார்லா தட்டினாள். பக்கம் போகவில்லை. அச்சு இயந்திரம் சத்தம் போட்டு ஒரு தாளைத் தள்ளியது. டார்லா சொன்ன வாக்கியத்தை லிமானி ஆயிரம் முறை சொல்லியிருப்பாள். அன்றைக்கு, சட்டம் நம்மைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டாள். அட்பி காத்திருந்தார். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு முடித்தாள். அவர் தாளை வாங்கி நாலாக மடித்தார்.

“நல்லாத்தான் சொல்றே. எல்லாரும் வந்து உன்னைக் குறை சொல்றாங்களே, அப்படி என்னதான் சொல்றேன்னு பாக்கணும்னு நெனச்சேன். வலிக்காமத்தான் சொல்றே,” என்றார்.

எழுந்து நொண்டிக்கொண்டே போனார். அடுத்த நம்பர் கூப்பிட்டார்கள். லிமானி அந்த நாளின் மிச்சத்தை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்தத் திட்டத்தில் மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கலாம் என்றார்கள். முறை வர நாலு மாதம் ஆகும் என்றார்கள். மூன்றாவது மாதம் புண் கால்விரல்களுக்குப் பரவிவிட்டது. அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவசரம் என்றால் யாராக இருந்தாலும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், அதற்கு இடமுண்டு. இரண்டு விரல்களை எடுத்தார்கள். கியோனா அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் லிமானியிடம் கேட்டாள்: “வெட்டறதுக்குக் குடுக்கறாங்க. வெட்டாம இருக்கறதுக்கு ஏன் குடுக்க மாட்டேங்கறாங்க?” லிமானியால் அதை யாரிடமும் கொண்டுபோய்க் கேட்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அட்பி ஒரு டயர் கடையில் உட்கார்ந்து கணக்கெழுதினார். இலவச மருத்துவ முகாமில் இன்சுலின் கொடுத்தால் போட்டுக்கொள்வார். தீர்ந்துபோனால் சோற்றைக் குறைப்பார். சோற்றைக் குறைப்பது எங்களுக்கு லேசான காரியம் இல்லை. தட்டில் சோறு குவிந்திருக்க, மேலே டின் மீன் இருந்தால்தான் சாப்பாடு. அவர் மீனை மட்டும் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்துவார், தங்கை பார்க்கிறாள் என்று தெரிந்தால் வயிறு நிறைந்துவிட்டது போல ஏப்பம் விடுவார்.

மகள் ரோஸ்லினா ராணுவத்தில் சேர்ந்தாள். கைக்குழந்தையாக வந்தவள், அர்னோவில் பிறந்தவள். சீருடையில் அவள் நிற்கும் படத்தை அட்பி டயர் கடையில் ஒட்டி வைத்தார். ராணுவத்தில் இருந்தால் குடியுரிமைக்கு வழியுண்டு. அவள் காகிதங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. வீட்டில் அதைப் பற்றிப் பேசும்போது கண் பட்டுவிடும் என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

இரண்டாயிரத்து இருபது கோடையில் அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்தது. ஒரு வீட்டில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். ஆலையில் தோளோடு தோள் இடித்து நிற்கிறோம். எங்களுக்குள் அது புகுந்தபோது நிறுத்த ஏதுமில்லை. ஒவ்வொரு வாரமும் சாவு. எங்கள் தீவு நாட்டின் எல்லை மூடியிருந்ததால் உடலை மஜூரோவுக்கு அனுப்ப முடியவில்லை. லிமானி வீட்டிலிருந்தே வேலை செய்தாள், போனில். காய்ச்சலோடு இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது ஏன் என்று சுகாதாரத் துறை அவளைக் கேட்டது. அவள் என்ன சொல்வாள்? கடைசி நேரம் வரும்வரை போகக் கூடாது என்று அவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததே அந்த அலுவலக ஜன்னல்தான். அதில் தன் குரலும் இருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அட்பிக்கும் காய்ச்சல் வந்தது, பிழைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது டார்லா போன் பண்ணினாள். பெரிய செலவுச் சட்டம் ஒன்றைக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஆயிரக்கணக்கான பக்கம், அதற்கு நடுவில் எங்கோ உங்கள் ஆட்களை மருத்துவ உதவிப் பட்டியலில் மறுபடியும் சேர்த்துவிட்டார்கள் என்றாள். இருபத்துநாலு வருஷம் கழித்து. லிமானி இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். டார்லா சொன்னாள், சொல்லிக்கொண்டே அழுதாள். லிமானிக்கு அழுகை வரவில்லை. போனை வைத்ததும் கூடத்துக்கு ஓடி வந்தாள். அட்பி மின்னடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, குடுக்கறாங்க. நமக்கும் உண்டு.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கியோனா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். லிமானி விவரம் எல்லாம் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, நல்லது, வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கு முதலில் சொல் என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

மறுநாள் லிமானி விண்ணப்பத்தை நிரப்பி, அவர் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஒரு வாரம் அது அங்கேயே கிடந்தது. கேட்டால் பார்க்கலாம் என்பார், கண்ணாடி இல்லை என்பார். தை தாண்டி மாசி வந்தது. அதற்குள் இன்னொரு காலின் குதிகாலில் புண் வந்திருந்தது. இரண்டு காலுறை போட்டு மறைத்தார். கியோனா துணி துவைக்கும்போது காலுறையில் சீழைப் பார்த்துவிட்டு லிமானியிடம் சொன்னாள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தேவாலயத்தில் ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. இது ஆளைக் கணக்கெடுக்கும் தந்திரம், உதவி வாங்கினவர்கள் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாதவர்கள் என்று ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், அயோவாவில் ஒருத்தரை அனுப்பியேவிட்டார்கள். அந்த ஒருத்தர் யார் என்று யாருக்கும் தெரியாது. அட்பிக்குத் தன்னைப் பற்றிப் பயம் இல்லை. மகளைப் பற்றித்தான்.

“என் பேர்ல ஒரு கறை விழுந்தா அது அவ காகிதத்துல போய் ஒட்டும். இவ்வளவு தூரம் வந்துட்டா. என் காலுக்காக அதைக் கெடுக்கணுமா?”

லிமானி ரோஸ்லினாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். மகள் கெஞ்சினாள், கோபப்பட்டாள், தன் அதிகாரியிடமே கேட்டுவிட்டதாகச் சொன்னாள். போட்டுவிடுகிறேன் என்று மகளிடம் சொன்னார். போனை வைத்தார். போடவில்லை.

கடைசியில் லிமானி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். காலுறையை அவளே கழற்றினாள். நாற்றம் முகத்தில் அடித்தது. அவர் காலை இழுக்கப் பார்த்தார், அவள் விடவில்லை.

“அண்ணே, பதினாலு வருஷமா அந்த நாற்காலியில உக்காந்து பேசறேன். ஒரு பொய் சொல்லியிருப்பேனா?”

“சொன்னதில்ல.”

“அப்ப இப்ப மட்டும் ஏன் நம்ப மாட்டேங்கறீங்க?”

அவர் அவள் தலையில் கையை வைத்தார்.

“நீ பொய் சொல்லாதவன்னுதான் லிமா கஷ்டமா இருக்கு. இல்லைன்னு சொன்னப்ப நம்பினேன். உன் வாயில வந்ததால நம்பினேன். எத்தனை பேர் உன்னை ஏசினாங்க, என் தங்கச்சி சொன்னா அது அப்படித்தான்னு அவங்களோட சண்டை போட்டேன். ரெண்டு விரலைக் குடுத்துட்டேன். இப்ப அதே வாயில உண்டுங்கற. அது எப்படி உள்ள போகும்? வழியெல்லாம் அடைச்சுக் கெடக்கு.”

லிமானி அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் யார் என்ன பேசியபோதும் வராத அழுகை.

கையெழுத்து வாங்கியது கியோனா. மார்ச் முதல் வாரம் ஒரு காலையில், விண்ணப்பத்தையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நீ போட வேண்டாம். நான் ஊர்ல போய் உங்க அம்மா கல்லறைகிட்ட நின்னு, உங்க புள்ள என்னைவிடப் பயத்தைத்தான் பெருசா நெனச்சான்னு சொல்லிக்கறேன்,” என்றாள். அவர் சிரித்தார். ஊருக்கு விமானம் விடட்டும், அப்புறம் போய்ச் சொல்லு என்றார். சிரித்துக்கொண்டே போட்டார். எழுத்து பென்சில் குறியைத் தாண்டிப் போய்விட்டது.

ஒன்பது நாளில் மருத்துவ உதவி அட்டை வந்தது. டார்லா தன் கையாலேயே வேகமாக நகர்த்தியிருந்தாள். பெயர் சரியாக அச்சாகியிருந்தது. அட்பி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று மத்தியானமே காய்ச்சல் தூக்கிப் போட்டது.

இந்த முறை ஆஸ்பத்திரியில் முன்மேசைக்காரி அட்டையை வாங்கித் தேய்த்துவிட்டு உள்ளே போகச் சொன்னாள். வேறு எதையும் கேட்கவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது அது. லிமானி கைப்பையில் எடுத்து வந்திருந்த மற்றக் காகிதங்களைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

புண் எலும்புக்குள் போய், ரத்தத்தில் கலந்திருந்தது. முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். மருத்துவர் சின்ன வயசுக்காரர், முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. ஜனவரியில் வந்திருந்தால் மருந்திலேயே முடித்திருக்கலாம், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். கியோனா, என்ன சொல்கிறார் என்று லிமானியைப் பார்த்தாள். லிமானி மொழிபெயர்க்கவில்லை. தன் வாழ்நாளில் அவள் விழுங்கிய ஒரே வாக்கியம் அது. முயற்சி செய்கிறார்களாம் அண்ணி என்றாள்.

அட்பிக்கு நடுவில் இரண்டு நாள் நினைவு தெளிந்திருந்தது. கால் இல்லாததைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஆலைக்காரர்களுக்கு இனி ஒற்றை பூட்ஸ் மிச்சம் என்றார். ரோஸ்லினாவுக்கு விடுப்பு கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்திருந்தது, அவள் வந்து சேர்வதற்கு ஒரு நாள் முன்னால், சனிக்கிழமை காலையில், இறந்துபோனார். ஐம்பத்தாறு வயது.

ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. அர்னோவில் அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பவழக்கல் பரப்பிய மணலில் கிடக்க வேண்டியவர். ஸ்பிரிங்டேலுக்கு வெளியே ஒரு மேட்டில், மழையில் நனைந்த சிவப்புக் களிமண்ணில் புதைத்தோம். இடைவெளி விட்டு நின்று பாடினோம். முகக்கவசத்துக்குள் பாட்டு சரியாக வரவில்லை. ரோஸ்லினா சீருடையில் வந்திருந்தாள். அவளுடைய குடியுரிமை மே மாதம் வந்தது, எந்தச் சிக்கலும் இல்லாமல்.

லிமானி மூன்று வாரம் அலுவலகம் போகவில்லை. கியோனா அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று லிமானி பின்னால் என்னிடம் சொன்னாள். வீட்டில் இரண்டு பெண்களும் ஒரே பானையில் சோறு வடித்து, எதிரெதிரே உட்கார்ந்து, அட்பியின் பெயரைச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று லிமானி டார்லாவுக்குக் கடிதம்கூட எழுதினாள். அனுப்பவில்லை. நாம் போய்விட்டால் அந்த நாற்காலியில் யார் வந்து உட்கார்வார்கள் என்று யோசித்திருக்க வேண்டும், அல்லது யோசிக்கவே தெம்பில்லாமல் ஒரு திங்கட்கிழமை கால் தானாகப் போயிருக்க வேண்டும். அதை அவள் சொல்லவில்லை.

அலுவலகத்தில் பழைய மறுப்புகளின் பட்டியலை எடுத்துக் கொடுத்து, எல்லாருக்கும் போன் பண்ணச் சொன்னார்கள். பண்ணினாள். பாதி எண்கள் வேலை செய்யவில்லை. சில எண்களில் எடுத்தவர்கள், நீங்கள் கேட்கிற ஆள் போன கோடையிலேயே போய்விட்டார் என்றார்கள். உயிரோடு இருந்தவர்கள், சரி, யோசிக்கிறோம் என்று சொல்லிப் போனை வைத்தார்கள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். மேசையில் ஒரு வாரம் கிடந்த விண்ணப்பத்தின் குரல் அது.

அதனால் சனிக்கிழமைகளில் வீடு வீடாக நடக்க ஆரம்பித்தாள். ஜூன் மாதம் ஒரு நாள் ரான்சன் வீட்டுக்குப் போனாள். ஆலையில் பதினோரு வருஷம் அட்பியோடு ஒரே வரிசையில் நின்றவர். அவருக்கும் சர்க்கரை, பார்வை மங்கிக்கொண்டு வந்தது. அவளை உள்ளே கூப்பிடவில்லை. கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே, அவள் சொன்னதை எல்லாம் கேட்டார்.

“உங்க அண்ணன் இதுல கையெழுத்து போட்டானா?”

“போட்டாரு.”

“போட்டும் போயிட்டானே.”

“ரெண்டு மாசம் கழிச்சுப் போட்டாரு. அதனாலதான் போயிட்டாரு.” நிறுத்தினாள். “நான் சொன்னதை நம்பல. நம்பாம இருந்ததுக்கும் நான்தான் காரணம். நீங்க என்னை நம்ப வேணாம். டார்லாவை நம்ப வேணாம். அவரு காலைப் பாத்தீங்கல்ல, அதை நெனச்சுக்குங்க.”

ரான்சன் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கதவையும் திறக்கவில்லை. பொண்டாட்டி ஆலையிலிருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டாள். நாலரைக்கு என்றார். மணி அப்போது இரண்டே கால். வெயில் கொளுத்தியது. லிமானி வாசற்படியில், விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பிக்கதவு இடுக்கு வழியாக ஒரு தம்ளர் ஐஸ் தண்ணீர் வெளியே வந்தது. வாங்கிக் குடித்தாள்.